ஏரேட்டர் போர்டு டிரைவர்: அமைப்புகளைப் பயனருக்கு எந்தக் கோப்பில் காட்டுவது?

அரியாங்குப்பம் ஆறு | வெள்ளி, இரவு 10:12

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இறால் குட்டைகளுக்கு ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓட்டும் போர்டு செய்கிறோம். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன லினக்ஸ் கணினி மேல் உட்காரும் போர்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை (குட்டைக்காரர்கள் டிஓ என்பார்கள்) ஒரு புரோப் அளக்கிறது. போர்டில் தனியாக ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் உண்டு. பை தொங்கிப்போனாலும், டிஓ இறங்கினால் அதுவே ரிலேவை (ஏரேட்டரின் மின்சுவிட்ச்) போட்டுவிடும். இரண்டும் பேசிக்கொள்வது ஐ2சி என்ற இணைப்பு வழியாக. போர்டை இயக்க, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் நான் எழுதியது.

பயனர் மாற்ற வேண்டியவை மூன்றுதான்: எந்த அளவுக்குக் கீழே போனால் ஏரேட்டர் ஓட வேண்டும், எந்த அளவுக்கு ஏறினால் நிற்க வேண்டும், எத்தனை நொடி தொடர்ந்து குறைவாக இருந்தால் ஓட வேண்டும். டிரைவர் ஏறும்போது அமைப்புக் கோப்புகள் வைக்கும் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் எங்கள் கான்ஃபிக் கோப்பைத் தானே திறந்து படித்துக்கொள்ளும். பிறகு கெர்னல் தானே உருவாக்கிக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் வரிவரியாகக் காட்டும். அதிலேயே எழுதி மாற்றவும் செய்யலாம்.

போன மாதம் கிள்ளை பக்கம் ஒரு குட்டையில் நடந்தது. நடு இரவில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய் வந்திருக்கிறது. பைக்குப் பேட்டரி இருந்ததால் அது ஓடிக்கொண்டே இருந்தது. ரிலே பக்கம் இருந்த மைக்ரோகண்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகி, அதன் உள்ளே இருந்த அளவுகள் எல்லாம் பூஜ்யம் ஆகிவிட்டன. ஆனால் என் ப்ராக் கோப்பு 4.0 என்றே காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அது டிரைவரின் நினைவகத்தில் இருந்த எண்ணைத்தான் காட்டுகிறது. காவலுக்கு இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று படுத்துவிட்டார். விடிந்தபோது பாதிக் குட்டை மிதந்தது. அந்தத் தவறு என்னுடையது. சும்மா ஒட்டுப்போடாமல், அடியிலிருந்து சரியாகச் செய்ய வேண்டும்.

கூட்டாளி, ஒரே கோப்பு போதும், பிழையை மட்டும் திருத்து என்கிறார். சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்று ஒரு விதி இருப்பதாக நான் படித்தேன். எது சரி, ஏன் சரி?

லாஸ்பேட்டை லேப் | வெள்ளி, இரவு 11:05

குட்டை போனதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது, தம்பி. மறைக்காமல் எழுதியது நல்லது.

உங்கள் டிரைவரில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலாவது, கெர்னலே ஈடிசி கோப்பைத் திறந்து படிப்பது. அதைக் கட்டாயம் விடுங்கள். டிரைவர் ஏறும் நேரத்தில் அந்த ஃபோல்டர் மவுண்ட் ஆகி (கணினியோடு இணைந்து) இருக்கும் என்று யார் சொன்னது? பூட் ஆகும்போது முதலில் வரும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருந்தே ஏறினால் அங்கே உங்கள் கோப்பு இருக்காது. நிரல்களைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் இருந்து யாராவது ஏற்றினால் அதே பாதை வேறு கோப்பைக் காட்டலாம். அதற்கும் மேலே, டெக்ஸ்டைப் பிரித்துப் படிக்கும் வேலையைக் கெர்னலுக்குள் செய்கிறீர்கள். பயனர் ஒரு கமாவைத் தப்பாகப் போட்டால் சாதாரண நிரல் பிழைச் செய்தி கொடுத்துவிட்டு நிற்கும். கெர்னல் நிரலில் அதே தவறு முழு இயந்திரத்தையும் சாய்க்கலாம்.

இரண்டாவது, ப்ராக். அது ஓடும் நிரல்களைப் பற்றிச் சொல்வதற்காக வந்த இடம். வேறு இடம் இல்லாததால் டிரைவர்கள் ஒரு காலத்தில் அங்கே குடியேறின. திங்க்பேட் மடிக்கணினியின் ஃபேன் கட்டுப்பாடுகூட ப்ராக்கில்தான் இருந்தது. 2003 டிசம்பரில் கெர்னல் 2.6 வந்ததிலிருந்து சாதனங்களுக்கென்று சிஸ்எஃப்எஸ் இருக்கிறது. புது டிரைவர் ப்ராக்கில் கோப்பு போட்டால் கெர்னல் மக்கள் ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் குட்டையைக் கொன்றது: கோப்பு உண்மையைக் காட்டவில்லை. கேட்டதைக் காட்டியது, இருப்பதைக் காட்டவில்லை. நீங்கள் ஒரு கோப்பு வைத்தாலும் முப்பது வைத்தாலும் இந்தத் தப்பு அப்படியே இருக்கும். அதனால் முதலில் திருத்த வேண்டியது இது.

வில்லியனூர் | வெள்ளி, இரவு 11:31

அக்கா, ஒரு சந்தேகம். ராஸ்பெர்ரி பையின் வைஃபை டிரைவர், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) ஃபோல்டரில் இருந்து ஒரு டெக்ஸ்ட் கோப்பையும் சேர்த்து ஏற்றுகிறது. உள்ளே பெயர், சமக்குறி, மதிப்பு என்றுதான் இருக்கிறது. அதுவும் கான்ஃபிக் கோப்புதானே? கெர்னலிலேயே இருக்கும் டிரைவர் செய்யலாம், இவர் செய்யக் கூடாதா?

லாஸ்பேட்டை லேப் | வெள்ளி, இரவு 11:50

நல்ல கேள்வி. அந்தக் கோப்பில் இருப்பவை ஆன்டெனா, கிரிஸ்டல், பவர் அளவு போன்ற போர்டின் குணங்கள். போர்டைச் செய்தவர் ஒருமுறை எழுதுவார், வீட்டில் உட்கார்ந்திருப்பவர் தொட மாட்டார். டிரைவர் அதைத் தானே பாதை தேடித் திறப்பதில்லை. ஃபர்ம்வேர் ஏற்றும் வசதியிடம் பெயர் சொல்லிக் கேட்கிறது, கிடைத்ததில் குறிப்பு வரிகளை மட்டும் நீக்கிவிட்டுச் சிப்புக்குக் கொடுக்கிறது. உங்கள் புரோபின் கேலிபரேஷன் அட்டவணை பெரிதாக இருந்தால் அந்த வழியில் ஏற்றுங்கள், குறை சொல்ல மாட்டேன். ஏரேட்டர் எப்போது ஓட வேண்டும் என்பது குட்டைக்குக் குட்டை, பருவத்துக்குப் பருவம் மாறும் முடிவு. அந்த முடிவு கெர்னலுக்கு வெளியே இருக்கட்டும்.

சிப்காட் ஷிஃப்ட் | சனி, காலை 6:40

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படித்தேன். பிளாண்டில் இதே மாதிரி வேலைதான் செய்கிறேன். ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

இப்போது ஓடும் அளவு 4, நிற்கும் அளவு 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் 6, 7.5 ஆக்க வேண்டும். இரண்டு கோப்பு. முதலில் ஓடும் அளவில் 6 எழுதினால், நிற்கும் அளவு இன்னும் 5.5, ஆகவே டிரைவர் மறுக்க வேண்டும். சரி, நிற்கும் அளவை முதலில் எழுதுகிறோம். அடுத்த வாரம் பழையபடி 4, 5.5 ஆக்க வேண்டும். இப்போது நிற்கும் அளவை முதலில் எழுதினால் 5.5 என்பது 6-க்குக் கீழே, மறுபடியும் மறுப்பு. ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது தலைகீழ் வரிசை. இதை எந்தப் பயனர் நினைவில் வைப்பார்? டிரைவர் மறுக்காமல் விட்டால் நடுவில் ஒரு நொடி அபத்தமான நிலையில் ரிலே ஆடும். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் அந்த அபத்தம் அப்படியே நிற்கும்.

சேர்ந்து மாற வேண்டியவை ஒரே எழுத்தில் மாற வேண்டும். சிஸ்எஃப்எஸ்ஸிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. டிஸ்க்கின் ஸ்டாட் கோப்பில் எத்தனையோ எண்கள் ஒரே வரியில் வருகின்றன. ஒரே தருணத்தின் கணக்காக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே கோப்பில் வைத்தோம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

நானாக இருந்தால் ஒரு கேரக்டர் டிவைஸ் (டெவ் ஃபோல்டரில் ஒரு சாதனக் கோப்பு), ஒரு ஐஆக்டல் (அதன் வழியாக டிரைவருக்குத் தரும் கட்டளை), ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு). மூன்று எண்ணும் ஒன்றாகப் போகும், ஒன்றாக வரும்.

மஞ்சக்குப்பம் | சனி, காலை 9:15

சிப்காட் தம்பி சொல்லும் வரிசைச் சிக்கல் உண்மையானது. அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. மருந்து என்று அவர் சொல்வதில்தான் எனக்கு வேறு கருத்து.

ஐஆக்டல் பற்றி என் அனுபவம் ஒன்று. ராஸ்பெர்ரி பை 4-க்கான 32 பிட் சிஸ்டம் 2023-இல் இருந்து 64 பிட் கெர்னலோடுதான் பூட் ஆகிறது. மேலே 32 பிட் நிரல், கீழே 64 பிட் கெர்னல். நான் எழுதிய ஸ்ட்ரக்டில் லாங் என்ற எண் வகை ஒன்று இருந்தது. மேலே அது 4 பைட், கீழே 8 பைட். 32 பிட் நிரலில் இருந்து வரும் அழைப்புக்குத் தனியாக ஒரு கம்பாட் வழி டிரைவரில் இருக்க வேண்டும். அதை நான் வைக்கவில்லை. அப்டேட் போட்ட அன்று, இந்த டிவைஸுக்குப் பொருந்தாத ஐஆக்டல் என்று ஒரே பிழை, எல்லா இடத்திலும். நிலையான அளவுள்ள டைப்களை மட்டும் போட்டு, இடைவெளிகளைக் கையால் நிரப்பி, கம்பாட் வழியையும் வைத்தால் சரியாகும். ஆனால் மூன்று எண்ணுக்காக இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், குட்டை ஓரத்தில் செல்போன் வெளிச்சத்தில் நிற்பவர் ஐஆக்டலைத் திறந்து பார்க்க முடியாது. டெக்ஸ்ட் கோப்பை கேட் என்ற கட்டளை போட்டுப் பார்த்துவிடலாம்.

ஸ்டாட் கோப்பு படிக்க மட்டும் உள்ளது. அதற்கும் விலை கொடுத்தார்கள். ப்ராக்கில் இருக்கும் அதன் அண்ணன் டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் ஒரு வரிக்கு 14 புலங்கள் இருந்தன, 4.18-இல் 18 ஆயின, 5.5-இல் 20 ஆயின. இத்தனை புலம்தான் என்று எண்ணி எழுதிய ஸ்கிரிப்டுகளை எல்லாம் திருத்த வேண்டிவந்தது. உங்கள் மூன்று எண்ணோடு நாளைக்கு நான்காவது சேரும், நிச்சயம் சேரும். தனிக் கோப்பாக இருந்தால் பக்கத்தில் ஒரு கோப்பு கூடுதலாக வரும், பழைய ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் ஆகாது.

வரிசைச் சிக்கலுக்கு வருகிறேன். அது இரண்டு எல்லை என்று பிரித்ததால் வந்தது. ஓடும் அளவு ஒன்று, அதற்கு மேல் எவ்வளவு ஏறினால் நிற்க வேண்டும் என்ற இடைவெளி ஒன்று என்று வையுங்கள். 4, 1.5. இதை 6 ஆக்கினால் நிற்கும் அளவு தானாக 7.5. இறக்கினாலும் அப்படியே. இடைவெளி பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை எந்த ஒன்றை எப்போது மாற்றினாலும் நிலை ஒழுங்காகத்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தாலும் ஆபத்து இல்லை. எத்தனை கோப்பு என்று யோசிக்கும் முன், ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் சாதனம் பாதுகாப்பான நிலையில் நிற்கும்படி எண்களைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். பல நேரம் முடியும்.

சிப்காட் ஷிஃப்ட் | சனி, மாலை 4:20

இப்போதுதான் எழுந்தேன். இடைவெளி யோசனை இந்தப் போர்டுக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தாது. ஒரு மோட்டார் டிரைவில் வேகம், ஏறும் நேரம், மின்னோட்ட எல்லை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே என்ன செய்வீர்கள்? எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஓர் அப்ளை கோப்பில் 1 எழுதுவது போல வைக்கலாமா?

லாஸ்பேட்டை லேப் | சனி, மாலை 5:02

அப்ளை கோப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒருவர் பாதி வைத்ததை இன்னொருவர் அப்ளை செய்துவிடுவார். படிப்பவருக்கும் குழப்பம்: இப்போது காட்டுவது வைத்ததா, நடைமுறையில் உள்ளதா? தம்பியின் குட்டை போனதே இந்தக் குழப்பத்தில்தான்.

பயனரே ஒரு பொருளை உருவாக்கி, அமைத்து, பிறகு இயக்கும் வகையாக இருந்தால் கான்ஃபிக்எஃப்எஸ் இருக்கிறது. 2006-இல் 2.6.16-ஓடு வந்தது. ஒரு ஃபோல்டர் உருவாக்கினால் கெர்னலில் ஒரு பொருள் பிறக்கும், உள்ளே கோப்புகளை நிரப்பலாம். யூஎஸ்பி கேட்ஜெட் அப்படித்தான்: எல்லாவற்றையும் நிரப்பி, கடைசியில் கண்ட்ரோலரின் பெயரை எழுதும்போதுதான் உயிர் வரும். ஆனால் ஏரேட்டர் போர்டைப் பயனர் உருவாக்குவதில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் சாதனத்துக்குச் சிஸ்எஃப்எஸ்தான் வீடு.

உங்கள் மோட்டார் டிரைவுக்கு நான் ஐஆக்டலையே ஒப்புக்கொள்வேன். உண்மையிலேயே பிரிக்க முடியாத தொகுப்புக்கு அதுதான் வழி.

அரியாங்குப்பம் தம்பிக்கு ஒரு கேள்வி. முன்பே கேட்டிருக்க வேண்டும். உங்கள் புரோப் எந்த ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) வழியாகப் பைக்கு வருகிறது?

அரியாங்குப்பம் ஆறு | சனி, மாலை 5:30

ஏடிஎஸ்1115. மைக்ரோகண்ட்ரோலரும் தனியாக அளக்கிறது, பையும் தனியாக அளக்கிறது. ஏடிசி பகுதியையும் நானே டிரைவரில் எழுதியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை லேப் | சனி, மாலை 5:41

அதை அழித்துவிடுங்கள். அந்தச் சிப்புக்குக் கெர்னலில் ஐஐஓ (சென்சார்களுக்கான பொது அமைப்பு) டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. போர்டில் என்னென்ன சிப் என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சில வரிகள் போதும்.

மைக்ரோகண்ட்ரோலர் பகுதிக்கும் ஐஐஓவுக்குள்ளேயே எழுதுங்கள். நீங்கள் கேட்கும் மூன்றுக்கும் அங்கே ஏற்கெனவே பெயர் உண்டு. மதிப்பு குறைந்தால் நிகழ்வு என்பதற்கு ஃபாலிங் வேல்யூ, இடைவெளிக்கு ஹிஸ்டரிசிஸ், எத்தனை நொடி தொடர வேண்டும் என்பதற்குப் பீரியட். மஞ்சக்குப்பம் ஐயா சொன்ன அதே அமைப்பு! அட்லஸ் சயின்டிஃபிக் புரோப்களுக்கான டிரைவர் டிஓவை அடர்த்தி என்ற வகையில்தான் காட்டுகிறது. அதைத் திறந்து படித்துப் பாருங்கள்.

சொந்தமாகப் பெயர் வைக்கும் ஆசையை அடக்க வேண்டும். பொதுப் பெயரில் வைத்தால் உங்கள் போர்டைக் கண்ணால் பார்க்காதவர் எழுதிய கருவியும் அதைப் படிக்கும்.

அரியாங்குப்பம் ஆறு | சனி, இரவு 8:18

பார்த்தேன் அக்கா. ஓர் இடத்தில் மனம் ஒப்பவில்லை. ஐஐஓ ஆவணப்படி அடர்த்தியின் அலகு சதவீதம். குட்டைக்காரர் பேசுவது லிட்டருக்கு மில்லிகிராமில், பிபிஎம் என்பார். 4 பிபிஎம் என்பது 0.0004 சதவீதம். இதை யாரிடம் காட்டுவது? என் ப்ராக் கோப்பில் 4.0 என்று தெளிவாக இருந்தது. இன்னொன்று: கெர்னலுக்குள் தசமக் கணக்கு இல்லாததால், அந்த 4.0-ஐப் படிக்கப் புள்ளியைத் தேடி வெட்டி ஒட்டும் நூறு வரி எழுதியிருந்தேன்.

கிள்ளை குட்டை | சனி, இரவு 9:02

நான் புரோகிராம் எழுதுபவன் இல்லை. குட்டை வைத்திருக்கிறோம், வனாமி இறால். இவர் போர்டு எங்கள் பக்கத்துக் குட்டையில்தான் இருந்தது. ஓரளவு புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி ஆக்ஸிஜன் விடும். பொழுது சாய்ந்த பிறகு பாசியும் இழுக்கும், இறாலும் இழுக்கும். விடிவதற்கு முந்தின இரண்டு மூன்று மணி நேரம்தான் எமன். அந்த நேரத்தில் குட்டையில் இருப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காவல்காரர். அவருக்கு ஒரே எண் போதும், அந்த எண் பொய் சொல்லக் கூடாது. ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை.

இன்னொன்று. உள்ளே இருக்கும் சின்ன சிப்புக்கு ஒன்றும் தெரியாவிட்டால் ஏரேட்டரை ஓட விடுங்கள். வீணாக ஓடினால் கரண்ட் பில்தான் ஏறும். 2011-இல் தானே புயலுக்கு அப்புறம் பல நாள் ஜெனரேட்டர் வைத்தே ஓட்டினோம். டீசல் செலவைத் தாங்கிக்கொண்டோம். குட்டை போனால் தாங்க முடியாது.

மஞ்சக்குப்பம் | சனி, இரவு 9:40

கிள்ளைக்காரர் சொன்ன இரண்டாவது விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோகண்ட்ரோலரின் ஃபர்ம்வேரில் பூஜ்யம் என்பது தொடக்க மதிப்பாக இருக்கவே கூடாது. யாரும் அளவு சொல்லாதவரை ரிலே ஆன். இது டிரைவர் விவாதத்துக்கு வெளியே இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இதைச் செய்திருந்தால் அன்றைக்குக் குட்டை பிழைத்திருக்கும்.

அலகு விஷயம். கெர்னல் காட்டுவது மேலே உள்ள நிரலுக்கு, மனிதருக்கு அல்ல. வெப்பநிலையைக்கூட ஹெச்டபிள்யூமான் என்ற கண்காணிப்புக் கோப்புகள் டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் காட்டுகின்றன, 45 டிகிரி என்றால் 45000. அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் சென்சார்ஸ் என்ற சின்ன நிரல் 45.0 என்று மாற்றிக் காட்டுகிறது. நீங்களும் ஒரு நிரல் எழுதுங்கள். உங்கள் ஈடிசி கோப்பை அந்த நிரல் படிக்கட்டும், அதில் 4.0 பிபிஎம் என்றே இருக்கட்டும். நூறு வரிப் பார்சர் பைத்தானில் ஒரு வரி. உங்கள் கூட்டாளி கேட்கும் அந்த ஒரே கோப்பு அப்போது அவருக்குக் கிடைத்துவிடும், கெர்னலுக்கு வெளியே, அது இருக்க வேண்டிய இடத்தில்.

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். ஜிபிஐஓவை, அதாவது நிரல் இயக்கும் பின்களை, சிஸ்எஃப்எஸ்ஸில் காட்டினார்கள். 17 என்று எழுதினால் 17-ஆம் பின் வரும். வெகு எளிது, பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்தார்கள். ஆனால் அந்த 17 என்பது கெர்னல் உள்ளே கொடுத்துக்கொண்ட வரிசை எண், போர்டில் அச்சிட்ட எண் இல்லை. திறந்த நிரல் செத்தாலும் பின் திறந்தபடியே கிடக்கும். அதனால் 4.8-இல் கேரக்டர் டிவைஸ் கொண்டுவந்து, பழையதைக் கைவிடப்பட்டது என்று அறிவித்தார்கள். அதற்குள் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் பழையதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ராஸ்பெர்ரி பை 6.6 கெர்னலுக்குப் போனபோது எண்கள் 512-இல் இருந்து தொடங்கின. 17 என்பது 529 ஆனது. நான் அமைத்துக்கொடுத்த ஒரு வயல் பம்ப் அன்றைக்கு நின்றது. பயனர் முன்னால் ஒரு கோப்பை வைத்துவிட்டால் அது வாக்கு கொடுத்த மாதிரி. பிறகு தப்பு என்று தெரிந்தாலும் சட்டென்று எடுக்க முடியாது. ஆகவே தேவை என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் காட்டுங்கள்.

வில்லியனூர் | ஞாயிறு, காலை 8:25

பிழை தேடுவதற்கென்று இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் போட்டால் இந்த வாக்குச் சிக்கல் இல்லையே ஐயா? அங்கே விதி எதுவும் கிடையாது என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் | ஞாயிறு, காலை 8:50

விதி இல்லை என்பதால்தான் அதை நம்பி ஒரு தயாரிப்பை விற்கக் கூடாது. ரூட் (நிர்வாகி) மட்டும் பார்க்க முடியும், பாதுகாப்புக்காக லாக்டவுன் போட்ட கெர்னலில் அடைத்துவிடுவார்கள், சில கெர்னலில் இருக்கவே இருக்காது. ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள் நினைவிடங்கள்) எல்லாம் கொட்டிப் பார்க்க டீபக்எஃப்எஸ் அருமை. உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், குட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் மாட்யூல் பாராமீட்டரும் வேண்டாம். அது டிரைவருக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று அல்ல. ஒரே பையில் இரண்டு போர்டு மாட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வில்லியனூர் | ஞாயிறு, காலை 9:10

சரி ஐயா. அப்புறம் உரிமை விஷயம். சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு எக்கோ செய்து சிஸ்எஃப்எஸ் கோப்புக்குத் திருப்பினேன், அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. சூடோ போட்டும் ஏன்?

லாஸ்பேட்டை லேப் | ஞாயிறு, காலை 9:34

கோப்பைத் திறப்பது எக்கோ இல்லை, கட்டளைகளை வாங்கும் உங்கள் ஷெல். ஷெல் சாதாரணப் பயனராகத்தான் ஓடுகிறது. எக்கோவின் வெளியீட்டைச் சூடோ போட்ட டீ என்ற கட்டளைக்கு அனுப்புங்கள், வேலை செய்யும்.

தயாரிப்பில் அப்படி வேண்டாம். எல்லோரும் எழுதலாம் என்று அனுமதி எண்ணை வைக்க நினைக்காதீர்கள், சிஸ்எஃப்எஸ் மேக்ரோ கம்பைல் ஆகும்போதே மறுத்துவிடும். சரியாகவே மறுக்கிறது. குட்டைக்கென்று ஒரு குரூப் உருவாக்கி அதற்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். ஒரு கண்ணி: சாதனம் வந்ததும் வேலை செய்யும் யூடெவ் விதியில் குரூப், மோட் என்று எழுதினால் அது டெவ் ஃபோல்டரில் உள்ள டிவைஸ் கோப்புக்குத்தான் பொருந்தும், சிஸ்எஃப்எஸ் கோப்புக்கு அல்ல. அதற்கு விதியிலிருந்து ஒரு கட்டளையை ஓடவிட்டு குரூப்பை மாற்ற வேண்டும்.

இந்த விதி ஓடும் நேரத்தில் கோப்பு அங்கே இருந்தாக வேண்டும். சாதனத்தைக் கண்டதும் ஓடும் டிரைவரின் தொடக்கப் பகுதிக்குள் கையால் கோப்பு உருவாக்கினால், யூடெவ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு கோப்பு முளைக்கும் ஆபத்து உண்டு. ஐஐஓவுக்குள் இருந்தால் சாதனம் பதிவாகும்போதே கோப்புகளும் சேர்ந்து வந்துவிடும்.

அரியாங்குப்பம் ஆறு | ஞாயிறு, இரவு 10:47

நாள் முழுக்க உட்கார்ந்து திருத்தினேன்.

ஏடிசி நிரலை எடுத்துவிட்டேன், கெர்னல் டிரைவரே படிக்கிறது. ப்ராக் கோப்பும் ஈடிசி படிப்பதும் போயின. ஐஐஓவில் நான்கு கோப்புகள்: அளவு, இடைவெளி, நொடி, இயக்கு அல்லது நிறுத்து. எனக்கென்று ஒரே ஒரு சொந்தக் கோப்பு, மைக்ரோகண்ட்ரோலர் எத்தனை முறை ரீசெட் ஆனது என்ற எண்ணிக்கை. அதற்குக் கெர்னலின் ஏபிஐ (நிரல் இடைமுக) ஆவணம் போல ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அலகு, வரம்பு எல்லாம் சேர்த்து. எழுதும்போது வரம்புக்கு வெளியே இருந்தால் வெட்டிச் சுருக்காமல் பிழையாகத் திருப்புகிறேன். படிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஐ2சி வழியாகச் சிப்பையே கேட்கிறேன். சிப் பதில் சொல்லாவிட்டால் பழைய எண்ணைக் காட்டாமல் பிழை காட்டுகிறேன்.

ஒன்றுதான் பாக்கி. சிப் ரீசெட் ஆனால் டிரைவர் தானாகப் பழைய அளவுகளைத் திரும்ப எழுதலாமா? அல்லது மேலே உள்ள நிரல் கவனித்து எழுத வேண்டுமா?

சிப்காட் ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 11:15

எழுதக் கூடாது என்பேன். டிரைவர் சத்தமில்லாமல் சரிசெய்தால் சப்ளை கெட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. பிளாண்டில் இப்படி மறைந்த கோளாறு ஒரு நாள் மொத்தமாக வரும்.

மஞ்சக்குப்பம் | ஞாயிறு, இரவு 11:28

நான் எழுதலாம் என்பேன். தூங்கி எழுந்த சிப்புக்கு ரெஜிஸ்டர்களைத் திரும்ப நிரப்புவது டிரைவரின் அன்றாட வேலை, ரெஜிஸ்டர்களைக் கையாளும் கெர்னலின் ரெக்மேப்பில் அதற்கென்றே வசதி இருக்கிறது. பயனர் கடைசியாகச் சொன்னதைத்தானே திரும்பச் சொல்கிறது, தானாக எதையும் முடிவு செய்யவில்லையே. ஆனால் சிப்காட் தம்பியின் கவலைக்காக எண்ணிக்கைக் கோப்பை ஏற்றி, அதைக் காத்திருக்கும் நிரலுக்கு சிஸ்எஃப்எஸ் வழியாக அறிவிப்பும் அனுப்புங்கள். மேலே உள்ள நிரல் சைரன் அடிக்கட்டும்.

சிப்காட் ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 11:40

அறிவிப்பு கட்டாயம் என்றால் சரி. சைரன் இல்லாமல் திரும்ப எழுதுவதற்கு மட்டும் நான் இன்னும் எதிர்தான்.

அரியாங்குப்பம் ஆறு | திங்கள், மாலை 6:05

இரண்டையும் சேர்த்துவிட்டேன். மதியம் மேசையில் வைத்து ரிலே பக்கத்துச் சப்ளையைப் பத்து முறை பிடுங்கினேன். சப்ளை வரும்வரை கோப்பு பிழை காட்டியது. வந்தவுடன் ரிலே ஆன் ஆனது, அளவுகள் திரும்ப எழுதப்பட்டன, எண்ணிக்கை பத்து வரை சரியாக ஏறியது. நாளை பகலில் கிள்ளைக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கலாமா அண்ணா?

கிள்ளை குட்டை | திங்கள், இரவு 7:30

வாங்க. ஆனால் பகலில் வேண்டாம், அப்போது டிஓ எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். சாயந்தரம் வந்து மாட்டிவிட்டு இரவு தங்குங்கள். மூன்று மணிக்கு நானே சப்ளையைப் பிடுங்குகிறேன், பக்கத்தில் கை ஏரேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு. காவல்காரரும் கூட இருக்கட்டும், சைரன் அவருக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.